மாணவர் செயற்கைக்கோள்: ஏவுதலுக்கு முன்னும் பின்னும் எனக்கு யாரும் சொல்லாதவை

மாணவர் செயற்கைக்கோள் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இரண்டு படங்கள். ராக்கெட் கிளம்பும் படம் ஒன்று, ஆய்வகத்தில் வெள்ளைக் கோட்டு போட்டு நிற்கும் குழுவின் படம் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை எழுதியவர்கள் மிகக் குறைவு. நான் அந்த நடுப்பகுதிக்குள் இரண்டாம் ஆண்டு மாணவியாக நுழைந்தேன். பட்டம் வாங்கிய பிறகும் வெளியே வர முடியவில்லை. கடைசியில் கிட்டத்தட்ட தனி ஆளாக அந்தச் சின்னப் பெட்டியை விண்வெளிக்கு அனுப்பி, அதன் குரலுக்காகக் காத்திருந்தேன். ஒரு ஆள் தனியாகச் சுமக்க வேண்டிய வேலை இல்லை அது. உங்கள் கல்லூரியில் இப்படி ஒரு திட்டம் தொடங்கப் போகிறார்கள் என்றால், அல்லது ஏற்கெனவே உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எங்கள் பெட்டி கியூப்சாட் என்ற சிறு கனசதுரச் செயற்கைக்கோள் வகை. அந்த வடிவம் 1999இல் வந்தது. கால் பாலி பல்கலைக்கழகத்தின் ஜோர்டி புயிக் சுவாரியும் ஸ்டான்ஃபோர்டின் பாப் ட்விக்ஸும் சேர்ந்து வகுத்தது. பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் உள்ள கனசதுரம்தான் 1யூ. முதலில் 1 கிலோவாக இருந்த எடை வரம்பு பிறகு 1.33 கிலோ ஆனது, இப்போதைய விதிநூலில் 2 கிலோ. ஒரு மாணவர் படித்து முடிப்பதற்குள் தன் கையால் ஒன்றை வடிவமைத்து, கட்டி, சோதித்து, பறக்கவும் விட்டுவிட வேண்டும் என்பதுதான் அவர்களுடைய எண்ணம். அழகான எண்ணம், அதை நம்பித்தான் நானும் சேர்ந்தேன். ஆனால் ராக்கெட்டுக்குத் தேர்வு அட்டவணை தெரியாது. எங்கள் குழுவில் முதல் நாள் இருந்தவர்களில் ஏவுதல் நாள்வரை இருந்தவர் ஒருவர்கூட இல்லை. நான் சேரும்போதே ஒரு தலைமுறை போய்விட்டிருந்தது.

முதல் அடி அங்கேதான் விழுந்தது. மின்சாரப் பகுதியை, அதாவது சோலார் பேனல், பேட்டரி, சார்ஜ் செய்யும் போர்டு எல்லாவற்றையும், ஒரு சீனியர் வடிவமைத்திருந்தார். மிகத் திறமைசாலி. பட்டம் வாங்கி வேலைக்குப் போனார். போகும்போது எல்லாக் கோப்புகளையும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஆனால் கோப்புகளில் இருந்தது முடிவுகள் மட்டும்தான். ஏன் இந்த ரெசிஸ்டர், ஏன் இந்த வோல்டேஜில் வெட்டுகிறது, எதையெல்லாம் முயன்று பார்த்துக் கைவிட்டார் என்பது எதிலும் இல்லை. அவரிடம் தொலைபேசியில் கேட்டால் அன்போடு பேசுவார், பாதி மறந்துபோயிருக்கும். புது ஊர், புது வேலை, அவரையும் குறை சொல்ல முடியாது. அந்த ஒரு போர்டை மறுபடி புரிந்துகொள்ளவே ஒரு முழு செமஸ்டர் போனது. அதே செமஸ்டரில் தகவல்தொடர்புப் பகுதியும் மென்பொருளும் என் தலையில் விழுந்தன. ஆய்வகத்தில் யாரும் இல்லாத இரவுகளில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். நான் தோற்றுவிட்டால் எனக்கு முன்னால் உழைத்த அத்தனை பேரின் வேலையும் வீண் என்ற பயம்தான் அந்த அழுகை.

ஆகவே எந்தப் பகுதியிலும் ஒரே ஒருவர் இருக்கவே கூடாது. இரண்டு பேர், அதுவும் வேறு வேறு ஆண்டில் படிப்பவர்கள், வேண்டும். ஒவ்வொரு முடிவையும் எடுத்த அன்றே "இதை ஏன் தேர்ந்தெடுத்தோம், எதை விட்டோம்" என்று நாலு வரி எழுதி வையுங்கள். பின்னால் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடக்காது. இறுதியாண்டு மாணவர் கிளம்பும் முன், அவர் செய்யும் சோதனையை ஜூனியர் அவர் உதவி இல்லாமல் எழுத்தில் இருப்பதை மட்டும் பார்த்துச் செய்து காட்ட வேண்டும். எங்கே தடுமாறுகிறாரோ அங்கே ஆவணத்தில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். பின்னால் என்னிடம் வந்த ஜூனியர்களிடம் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தேன். "அக்கா, இதை நீங்களே அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடுவீங்களே" என்பாள் ஒருத்தி. முடித்துவிடலாம்தான். ஆனால் நான் போன பிறகு அந்த ஐந்து நிமிடம் யாரிடமும் இருக்காதே.

அடுத்தது அலைவரிசை. இதைப் பற்றி எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு ஆறாது. மாணவர் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்கு ரேடியோ ஆர்வலர்களின் அலைவரிசைகளில்தான் பேசுகின்றன, முக்கியமாக 435 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரையும், 145.8 முதல் 146 வரையும். அங்கே நம் இஷ்டத்துக்கு ஒரு எண்ணை எடுத்துக்கொள்ள முடியாது. சர்வதேச அமெச்சூர் ரேடியோ ஒன்றியத்திடம் விண்ணப்பித்து, மற்றவர்களோடு மோதாத ஒரு அலைவரிசையை ஒருங்கிணைத்துத் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். அதைப் பார்ப்பவர்கள் தன்னார்வலர்கள். கட்டணம் இல்லை, ஆனால் கேள்விகள் உண்டு, நேரமும் ஆகும். அதற்கு இணையாக உங்கள் நாட்டின் தொலைத்தொடர்பு நிர்வாகம் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்துக்கு முன்னறிவிப்பு ஆவணத்தை அனுப்ப வேண்டும். அதை மாணவரோ பல்கலைக்கழகமோ நேரடியாக அனுப்ப முடியாது, அரசு வழியாகத்தான் போகும். இந்த இரண்டாவது பாதி இருக்கிறது என்றே எங்கள் குழுவில் யாருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஏவுதல் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் உரிமம் கேட்டு ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் படித்த நாளில், செயற்கைக்கோளை ஒப்படைக்க இருந்த அவகாசம் அந்தக் காகிதம் நகரும் வேகத்துக்குப் போதாது என்று புரிந்தது.

முதல் ஏவுதல் வாய்ப்பு அப்படித்தான் போனது. பெட்டி ஓரளவு தயாராக இருந்தும் காகிதம் இல்லாமல் போக முடியவில்லை. ராக்கெட்டில் இடம் வாங்கித் தந்த இடைத்தரகு நிறுவனம் அடுத்த ராக்கெட்டுக்கு மாற்றித் தந்தது, ஆனால் மாற்றுவதற்கென்று ஒரு கட்டணம் ஒப்பந்தத்திலேயே இருந்தது. சோதனைகளுக்கென ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் பாதிக்கு மேல் அதற்குப் போய்விட்டது. காலத்தில் கணக்குப் பார்த்தால் ஒரு வருடத்துக்கு மேல். என்னோடு படித்தவர்கள் முதல் சம்பளம் வாங்கி வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது நான் அரசு அலுவலக மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். பொறாமையாகத்தான் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

எனவே அலைவரிசை வேலையை முதல் வரைபடம் போடும் காலத்திலேயே தொடங்குங்கள். விண்ணப்பத்தில் கேட்பவை பெரும்பாலும் அப்போதே பதில் சொல்லக்கூடியவைதான்: எவ்வளவு சக்தியில் பேசும், என்ன மாடுலேஷன் (தகவலை அலையில் ஏற்றும் முறை), எந்த உயரம், ஹாம் சமூகத்துக்கு இதனால் என்ன பயன், தரை நிலையம் எங்கே. டெலிமெட்ரியை, அதாவது செயற்கைக்கோள் தன் நிலையைப் பற்றி அனுப்பும் தரவை, ரகசியமாக்கக் கூடாது, அதைப் பிரித்துப் படிக்கும் முறையை வெளியிட வேண்டும், கட்டளைகளுக்கு மட்டும் பாதுகாப்பு வைத்துக்கொள்ளலாம். மிக முக்கியமான ஒன்று: தரையிலிருந்து கட்டளை கொடுத்தால் ஒலிபரப்பு உடனே நிற்க வேண்டும் என்பது சர்வதேச ரேடியோ விதி. வடிவமைப்பிலேயே அதற்கு வழி இல்லாவிட்டால் எந்த விண்ணப்பமும் நகராது. கூடவே, விண்வெளிக்குப் போகும் பொருளுக்கு ஏவும் நாடு பொறுப்பாகிறது, அதை ஐ.நா. பதிவேட்டில் பதிய வேண்டும் என்பதெல்லாம் பல்கலைக்கழக நிர்வாகத்துக்குத் தெரிந்திருக்காது. சட்டப் பிரிவில் ஒருவரை முதல் வருடமே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுமானத்துக்கு வருகிறேன். எங்கள் ஆய்வகத்தில் ஒவ்வொரு போர்டும் தனித்தனியாக அருமையாக வேலை செய்தது. எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி, வெளி மின்சாரம் இல்லாமல், அதன் சொந்த பேட்டரியிலும் சோலார் பேனலிலும் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்ப்பது மட்டும் கடைசிவரை "அடுத்த மாதம்" என்றே இருந்தது. இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. கியூப்சாட்டுகளின் வெற்றி தோல்விகளை நெடுங்காலமாகத் தொகுத்து வரும் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் ஸ்வார்ட்வவுட் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: பல்கலைக்கழகச் செயற்கைக்கோள்கள் பல, ஏவிய பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போகின்றன, முழு அமைப்பாகச் சோதிக்கப் போதிய நேரம் ஒதுக்காததே பெரிய சந்தேகத்துக்குரிய காரணம். 2003 ஜூன் 30 அன்று ரஷ்யாவின் ப்ளெசெட்ஸ்கிலிருந்து முதல் கியூப்சாட்டுகள் போனபோதே இது தெரிந்துவிட்டது. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் எக்ஸ்ஐ-4 பல ஆண்டுகள் பேசிக்கொண்டிருந்தது. அதே ராக்கெட்டில் போன டென்மார்க்கின் டிடியூசாட்டும் கனடாவின் கேன்எக்ஸ்-1ம் கடைசிவரை பேசவே இல்லை. அவற்றைக் கட்டியவர்களும் நம்மைப் போல இரவு பகலாக உழைத்தவர்கள்தான். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும்.

ஃப்ளாட்சாட் என்று ஒன்று செய்வார்கள். எல்லா போர்டுகளையும் பெட்டிக்குள் அடுக்காமல் மேசைமேல் பரப்பி, கேபிளால் இணைத்து, செயற்கைக்கோள் மாதிரியே இயக்குவது. அதை முதல் ஆண்டிலேயே, கடையில் வாங்கிய டெவலப்மென்ட் போர்டுகளை வைத்தாவது செய்யுங்கள். பீக்கன் (தான் இருப்பதை அறிவிக்க அவ்வப்போது அனுப்பும் சிறு ரேடியோச் செய்தி) அனுப்புவதும் கட்டளை வாங்குவதும் பேட்டரி வோல்டேஜைச் சொல்வதும் நடந்தால் போதும், பேலோட், அதாவது சுமந்து போகும் ஆய்வுக் கருவி, பிறகு வரட்டும். மேசையில் பல வாரங்கள் அணைக்காமல் ஓடவிடுங்கள். நான் ஓடவிட்டபோது, மெமரி மெல்ல மெல்ல நிரம்பி, சில நாட்கள் கழித்து மென்பொருள் உறைந்து போனது. மணிக்கணக்கில் மட்டும் சோதித்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை. உறைந்த கணினியைத் தானாக மறுபடி தொடங்க வைக்கும் வாட்ச்டாக் டைமர் அதை எழுப்புகிறதா என்று வேண்டுமென்றே உறைய வைத்தும் பாருங்கள். இன்னொன்று, தரை நிலையத்தின் உண்மையான ரேடியோவைக் கொண்டு, உண்மையான ஆன்டெனா வழியாக, தூரத்திலிருந்து கட்டளை கொடுத்துப் பாருங்கள். கேபிளில் பேசியதெல்லாம் காற்றில் பேசும் என்று நம்ப வேண்டாம்.

அதிர்வுச் சோதனை எல்லோரும் பயப்படுவது. எங்களுக்கு அது சுலபமாகவே முடிந்தது, ஒரு கனெக்டர் தளர்ந்ததைத் தவிர. ஸ்க்ரூக்களுக்கும் கனெக்டர்களுக்கும் பசை போட்டுப் பூட்டுங்கள், சோதனைக்கு முன்னும் பின்னும் முழுச் செயல்பாட்டையும் ஓட்டுங்கள், அவ்வளவுதான். உண்மையில் என்னை உலுக்கியது வெப்ப வெற்றிடச் சோதனை. மேசையில் எந்தப் புகாரும் இல்லாமல் வேலை செய்த டிரான்ஸ்மிட்டர், வெற்றிடக் கலத்துக்குள் போன சிறிது நேரத்தில் சூடேறி, சக்தி குறைந்து, அலைவரிசை நகர்ந்து, பிறகு நின்றே போனது. காரணம் எளிது. அறையில் காற்று அதைக் குளிர்வித்துக்கொண்டே இருந்தது, வெற்றிடத்தில் காற்று இல்லை. சூடு உலோகத்தின் வழியாகச் சட்டகத்துக்குக் கடத்தப்பட்டு அங்கிருந்து கதிர்வீச்சாக வெளியேற வேண்டும், வேறு வழி கிடையாது. பவர் ஆம்ப்ளிஃபயருக்கும் சட்டகத்துக்கும் நடுவே ஒரு அலுமினியத் துண்டு வைத்துச் சரிசெய்தோம். ஆனால் மறுசோதனைக்குக் கலத்தை வாடகைக்கு எடுக்கப் பணம் இல்லை. அலைவரிசைத் தாமதம் தின்ற பணம் அது. வேறொரு துறையில் பழைய வெற்றிடக் கலம் ஒன்று சும்மா கிடப்பதைக் கேள்விப்பட்டு, அந்தப் பேராசிரியரிடம் போய் நின்றேன். அவர் தன் ஆராய்ச்சி மாணவரையும் கூடவே அனுப்பினார். அந்த உதவியை நான் மறக்க மாட்டேன். கேட்கக் கூச்சப்படாதீர்கள், பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பாதிக் கருவிகள் இருக்கும். பசை, டேப், பிளாஸ்டிக் எதுவானாலும் வெற்றிடத்தில் வாயு கசியும் அளவைப் பார்த்து வாங்குங்கள். மொத்த எடை இழப்பு 1 சதவீதத்துக்கும், ஆவியாகி வேறிடத்தில் படியும் பொருள் 0.1 சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. வாங்கிய பிறகு பார்த்தால் திரும்பவும் பிரிக்க வேண்டிவரும்.

ஏவும் கலத்தில் பெட்டியை வைத்து மூடும் டிப்ளாயரின் விதிகளையும் முழுசாகப் படியுங்கள். கியூப்சாட்டின் காலில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும், குளிர்சாதனப் பெட்டிக் கதவு மூடினால் விளக்கை அணைக்கும் சுவிட்சைப் போல. டிப்ளாயருக்குள் இருக்கும்வரை அது அழுந்தி, எல்லாம் அணைந்தே இருக்கும். வெளியே தள்ளப்பட்டதும் விழித்துக்கொள்ளும். ஆனால் உடனே ஆன்டெனாவை விரிக்கக் கூடாது, குறைந்தது 30 நிமிடம் பொறுக்க வேண்டும். ஒலிபரப்பு 45 நிமிடத்துக்குப் பிறகுதான் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். பக்கத்தில் மற்றவர்களின் செயற்கைக்கோள்கள் இருக்கின்றனவே, அதற்காக. 2011 அக்டோபரில் போன மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எம்-கியூப்டும் மொன்டானாவின் எக்ஸ்ப்ளோரர்-1 பிரைமும் விண்வெளியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இரண்டிலும் திசையை நிலைப்படுத்துவதற்காக நிரந்தரக் காந்தங்கள் இருந்தன. உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் யார் போகிறார்கள், அதில் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அந்த மொன்டானாக் குழுவிடம் கற்க இன்னொன்றும் உண்டு. எக்ஸ்ப்ளோரர்-1 பிரைமின் முதல் பிரதி அதே ஆண்டு மார்ச் 4 அன்று, ராக்கெட்டின் மூக்குக்கூடு பிரியாததால் கடலில் போய் விழுந்தது. கையில் இன்னொன்று தயாராக இருந்ததால்தான் அக்டோபரில் மறுபடி ஏற முடிந்தது. 2006இல் ஒரு டினெப்பர் ராக்கெட் விழுந்தபோது ஒரு டஜனுக்கும் மேற்பட்ட கியூப்சாட்டுகள் மொத்தமாக அழிந்தன, அவற்றில் பல மாணவர்களுடையவை. ராக்கெட் நம் கையில் இல்லை. பணம் எவ்வளவு இழுபறியாக இருந்தாலும் உதிரிப் பாகங்களை இரண்டாக வாங்குங்கள். ஒன்று பறக்கும், மற்றது மேசையில் இருக்கும். பறந்த பிறகு ஏதாவது கோளாறு வந்தால் காரணம் தேடிப் பார்க்க, தரையில் அதே மாதிரி ஒன்று இல்லாவிட்டால் கண்ணைக் கட்டிவிட்டதுபோல் ஆகிவிடும். எங்களுக்கு முழு இரண்டாவது பெட்டிக்கு வசதி இல்லை, போர்டுகள் மட்டும் இரண்டாவது செட் இருந்தன. அவைதான் பின்னால் காப்பாற்றின.

ஒப்படைத்த பிறகு ஏவுதல் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. டிப்ளாயருக்குள் போன பெட்டியை மறுபடி சார்ஜ் செய்ய முடியாது. அணைத்து வைத்த பேட்டரியும் தானாக மெல்ல இறங்கும், கூடவே சுவிட்சைத் தாண்டி எங்காவது ஒரு சிறு மின்கசிவு இருந்தால் இன்னும் வேகமாக இறங்கும். அந்தக் கசிவு மின்னோட்டத்தை ஒப்படைக்கும் முன் அளந்து, ஒரு வருடம் காத்திருந்தாலும் விழிக்குமா என்று கணக்குப் போட்டு வையுங்கள். நான் அளந்து வைத்திருந்தேன், அந்த எண்தான் அந்த மாதங்களில் என்னைத் தூங்க விட்டது.

ஏவுதல் நாள் சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் என் வாழ்க்கையில் மிக நீண்டவை. எங்கள் தரை நிலையத்துக்கு மேலே ஒரு நாளில் நாலைந்து முறைதான் கடக்கும், ஒவ்வொரு முறையும் அதிகபட்சம் பத்து நிமிடம் சொச்சம். ஆன்டெனா சுழல்கிறது, திரையில் வெறும் இரைச்சல். ஒரே ராக்கெட்டில் கூட்டமாகப் போகும்போது எந்தப் புள்ளி நம்முடையது என்று முதல் நாட்களில் யாருக்கும் தெரியாது. 2017 பிப்ரவரி 15இல் பிஎஸ்எல்வி-சி37 மட்டும் 104 செயற்கைக்கோள்களைக் கொண்டுபோனது, 2021 ஜனவரியில் டிரான்ஸ்போர்ட்டர்-1 பயணத்தில் 143 போயின. ரேடார் கண்காணிப்பிலிருந்து வரும் சுற்றுப்பாதை எண்களில் நம் பெயர் ஒட்டப்படப் பல நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். தவறான பொருளைப் பின்தொடர்ந்தால் ஆன்டெனா தவறான நேரத்தில் தவறான இடத்தைப் பார்க்கும். இது தெரியாமல் இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே செத்துவிட்டது என்று முடிவு கட்டியிருப்பார்கள். பல்கலைக்கழகத்தில் சிலர் முடிவு கட்டியும் விட்டார்கள். வழியில் பார்ப்பவர்கள் துக்கம் விசாரிப்பதுபோல் பேசினார்கள்.

எங்கள் பீக்கனை முதலில் கேட்டது நாங்கள் அல்ல. வேறொரு கண்டத்தில் இருக்கும் ஒரு ஹாம் ரேடியோக்காரர், நடு இரவில், தன் வீட்டு ஆன்டெனாவில் பிடித்துப் பதிவை அனுப்பியிருந்தார். மிக மெல்லிய சத்தம், ஆனால் எங்கள் அழைப்புக் குறி தெளிவாக இருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன், இந்த முறை வேறு அழுகை. ஏவுதலுக்கு முன்பே டெலிமெட்ரி வடிவத்தையும் பிரித்துப் படிக்கும் மென்பொருளையும் வெளியிட்டு, உலகெங்கும் உள்ள ஹாம் நண்பர்களுக்கு எழுதி வைத்ததன் பலன் அது. சாட்நாக்ஸ் என்ற திறந்த தரை நிலைய வலையமைப்பு இருக்கிறது. உலகின் பல மூலைகளில் தன்னார்வலர்கள் நிலையங்கள் வைத்திருக்கிறார்கள், எல்லாப் பதிவுகளும் பொதுவில் கிடைக்கும். முன்னதாகவே உங்கள் செயற்கைக்கோளை அதில் பதிந்து வையுங்கள். பீக்கனின் டாப்ளர் மாற்றத்தை (நெருங்கும்போதும் விலகும்போதும் அலைவரிசை மாறுவதை) அளந்தே எந்தப் பொருள் உங்களுடையது என்று கண்டுபிடிக்கலாம். 437 மெகாஹெர்ட்ஸில் ஒரு கடப்பின்போது அலைவரிசை ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸ் மேலும் கீழும் நகரும், அந்த வளைவின் வடிவம் ஒவ்வொரு பாதைக்கும் கொஞ்சம் வேறு. அப்படித்தான் ரேடார் பட்டியலில் எங்கள் எண்ணை உறுதிசெய்தோம்.

கேட்டுவிட்டோம், ஆனால் பிரச்சினை தீரவில்லை. டெலிமெட்ரியில் ரீசெட் எண்ணிக்கை ஒவ்வொரு சுற்றிலும் ஏறிக்கொண்டே போனது. பூமியின் நிழலுக்குள் சுற்றுக்கு ஏறத்தாழ 35 நிமிடம் போகிறது, பேட்டரி குளிர்கிறது, ஒலிபரப்பும்போது வோல்டேஜ் சரிந்து கணினி அணைந்துவிடுகிறது. மறுபடி விழிக்கும் ஒவ்வொரு முறையும், ஏற்கெனவே விரிந்துவிட்ட ஆன்டெனாவைக் கட்டியிருந்த நூலை எரிக்க மறுபடி நிக்ரோம் கம்பியைச் சூடாக்குகிறது, ஏனென்றால் "விரித்தாயிற்று" என்ற குறிப்பு ரீசெட்டில் அழிந்துபோகிறது. இருக்கிற கொஞ்சம் சக்தியும் அதில் போனது. மேசைமேல் இருந்த இரண்டாவது செட்டில் அதே நிலையை உருவாக்கிப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடிக்க முடிந்தது. ரீசெட் ஆனால் எதெல்லாம் மறக்கும் என்பதைத் தனிப் பட்டியலாகவே எழுதிச் சோதியுங்கள். 2014இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான கிக்சாட்டுக்கும் இதே வகைதான் நடந்தது. 104 குட்டிச் செயற்கைக்கோள்களை வெளியிட வேண்டிய நேரத்தை எண்ணிக்கொண்டிருந்த கடிகாரம் ரீசெட் ஆகி, எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்க, அவற்றை வெளியிடாமலேயே அது வளிமண்டலத்தில் எரிந்துபோனது.

எங்களுக்கு ஒரு வழி இருந்தது. சூரிய ஒளியில் வரும் கடப்புகளில் மட்டும் கட்டளை அனுப்பி, பீக்கன் இடைவெளியை நீட்டி, சக்தியைக் குறைத்து, நிக்ரோம் வேலையை நிறுத்தும் அமைப்பை அழியாத நினைவகத்தில் எழுத வைப்பது. பல வாரங்கள் அதையே செய்தோம். "செய்தோம்" என்று எழுதும்போது அந்த இரண்டு ஜூனியர்களையும் நினைக்கிறேன், அவர்கள் வந்த பிறகுதான் எனக்கு இரவில் மாற்று ஆள் கிடைத்தார்கள். ஒரு விடியற்காலைக் கடப்பில் கட்டளை ஏறியது. ரீசெட் எண்ணிக்கை நின்றது. அதன் பிறகு சில மாதங்கள் அது ஒழுங்காகத் தரவு அனுப்பியது, எதிர்பார்த்ததில் ஒரு பகுதிதான் கிடைத்தது, ஆனால் அது உண்மையான விண்வெளித் தரவு. தரையிலிருந்து மாற்றக்கூடியவை எவையோ அவற்றையெல்லாம் மாற்றும்படி விட்டு வையுங்கள்: பீக்கன் இடைவெளி, சக்தி, வெட்டும் வோல்டேஜ். எதையும் கல்வெட்டாகப் பொறிக்காதீர்கள்.

இந்தக் காலம் முழுக்க நான் சம்பளம் இல்லாமல் இருந்தேன். கையில் வந்த ஒரு வேலையை விட்டேன். பட்டம் முடிந்த மாணவருக்கு ஆய்வகத்தில் எந்தப் பதவியும் இல்லை, அனுமதி அட்டைகூடப் பல முறை கேட்டு வாங்க வேண்டியிருந்தது. என் பேராசிரியர் நல்லவர், ஆனால் அவருக்கும் வகுப்புகள், நிர்வாகம், பிற ஆராய்ச்சி எல்லாம் இருந்தன. நீங்கள் திட்டம் எழுதும்போதே ஏவுதலுக்குப் பின்பு ஓராண்டு இயக்க ஒருவருக்கு ஊதியம் என்று ஒரு வரி சேருங்கள். "மாணவர்கள் ஆர்வத்தில் செய்வார்கள்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆர்வம் இருந்தது, ஆனாலும் எனக்கு உடம்பு கெட்டது, வீட்டில் சண்டை வந்தது. பெட்டி எவ்வளவு அன்புக்குரியதானாலும் உங்கள் வாழ்க்கையைவிடப் பெரிதல்ல.

செயற்கைக்கோள் பேச்சை நிறுத்திய பிறகும் வேலை மிச்சம் இருக்கிறது, அதையும் யாரும் சொல்வதில்லை. அலைவரிசையை இனிப் பயன்படுத்தவில்லை என்று ஒருங்கிணைத்தவர்களுக்கும் நாட்டு நிர்வாகத்துக்கும் தெரிவிக்க வேண்டும், அடுத்தவருக்கு அந்த இடம் தேவை. பேட்டரி முழுசாகச் சாகாமல் வெயிலில் திடீரென விழித்துப் பேசவும் கூடும், எனவே நிறுத்தக் கட்டளை கொடுக்கும் தரை நிலையத்தை அது எரிந்து விழும்வரை கலைக்காதீர்கள். 400 கிலோமீட்டர் உயரத்தில் விட்டது என்றால் பெரும்பாலும் ஓராண்டு அளவில் வளிமண்டலம் அதை எடுத்துக்கொள்ளும். 500க்கு மேல் என்றால் பல ஆண்டுகள். உயரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்தப் பொறுப்பு எத்தனை ஆண்டு என்று யோசித்துவிடுங்கள். மூலத் தரவு, டிகோடர், சோதனை நடைமுறைகள், ரீசெட் பதிவுகள் எல்லாவற்றையும் தோல்வியோடு சேர்த்து நூலகத்தின் ஆவணக் காப்பகத்தில் ஒப்படைத்துவிடுங்கள், தனி ஒருவரின் மடிக்கணினியில் விடாதீர்கள். எங்கள் ஆவணங்கள் அப்படித்தான் இருக்கின்றன. ஜூனியர்கள் அடுத்த செயற்கைக்கோளுக்கு இன்னும் பேலோடை முடிவு செய்யவில்லை, அலைவரிசை விண்ணப்பம் போய்விட்டது.